நாலு மணிக்குச் சாகும் சர்வர்

எங்கள் மருத்துவமனையில் சர்வர் நின்றுபோனால் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். செருகியைப் பிடுங்குவது, மனசுக்குள் கடவுளைக் கும்பிடுவது, திரும்பச் செருகுவது. சர்வரைப் பார்த்துக்கொள்கிற திரிங்கோ ஒருத்திதான் அப்படிச் செய்யமாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்று, அது கடைசியாக என்ன எழுதிவிட்டுப் போனது என்று ஒரு வரி விடாமல் படிப்பாள். ஆய்வகத்துக்காரர்கள் பின்னாலிருந்து கத்திக்கொண்டிருப்பார்கள். அவள் காதில் ஏறாது.

நான் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். யாரையும் லேசில் புகழ்கிறவன் இல்லை. என் மனைவியைக் கேட்டால் தெரியும். ஆனால் திரிங்கோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்பதில்லை. அதைப் பற்றி ஊரில் யார் என்ன நினைத்தாலும் கவலையில்லை.

அவள் பிறந்தது மலைக்குக் கீழே கொம்பொல்ச்சாவில். கணினி படித்தது அடிஸ் அபாபாவில். அவளோடு படித்தவர்கள் பெரிய வங்கிகளில் கண்ணாடி அறைகளுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவளோ ஜிபூட்டி சாலையில் லாரி ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு, எங்கள் மலையூர் டெஸ்ஸியின் குளிரில், ஒரு காலத்தில் போர்வை அடுக்கிவைத்திருந்த அறையில், யாரோ தானமாகக் கொடுத்த பழைய யூனிக்ஸ் சர்வரோடு குடித்தனம் நடத்துகிறாள். வேறு நல்ல வேலை தேடலாமே என்று ஒருமுறை கேட்டேன். இங்கே சர்வர் நின்றால் எந்த வார்டில் யாருக்கு என்ன ஆகும் என்று தனக்குத் தெரியும், வங்கியில் நின்றால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியாது என்றாள். 

ஒருமுறை சர்வர் திடீர் திடீரென்று படுத்துக்கொண்டது. வைரஸ் என்றார்கள், பழசாகிவிட்டது என்றார்கள். இவள் உட்கார்ந்து படித்துப் பார்த்தால், ஆய்வகத்து அச்சு இயந்திரம் காகிதம் இல்லை, காகிதம் இல்லை என்று மாதக்கணக்கில் புலம்பி, அந்தப் புலம்பலாலேயே சர்வரின் வட்டு முழுக்க நிரம்பியிருந்தது. ஒரு கட்டு காகிதம் வைத்தாள், புலம்பலை அழித்தாள், வேலை முடிந்தது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே மருந்து எழுதும் சில பேரை எனக்குத் தெரியும். பேர் சொல்லமாட்டேன்.

நான் சொல்லவந்தது அவள் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி வந்த சமயத்தில் நடந்தது.

அவள் இல்லாதபோது சர்வரைப் பார்த்துக்கொண்டவன் அந்தார்கே. எங்கள் மின் பணியாளன், நல்ல உழைப்பாளி. ஜெனரேட்டரைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்ப்பவன். ஆனால் அந்த மாதங்களில் சர்வருக்கு ஒரு புது நோய் வந்திருந்தது. காலை நாலு மணியானால் விழுந்துவிடும். தினமும் இல்லை, ஆனால் விழுந்தால் நாலு மணிக்குத்தான். எங்கள் நாலு மணி என்றால் விடிந்து நாலு மணி நேரம். வெளிநாட்டார் கடிகாரத்தில் அது பத்து. ஆய்வகத்தில் கூட்டம் நெரியும் நேரம். அதோடு, மருத்துவமனை முழுக்கக் காப்பி குடிக்கும் நேரமும் அதுதான்.

காப்பி போடுகிறவர் யெஷிமெபெட், எங்களுக்கெல்லாம் யெஷி அக்கா. எங்கள் துப்புரவுப் பணியாளர். சர்வர் அறையை ஒட்டிய தாழ்வாரத்தில் மின்சார அடுப்பு வைத்து, கொட்டை வறுத்து, சாம்பிராணி போட்டு, எங்கள் வழக்கப்படி மூன்று சுற்றும் முறையாக ஊற்றுவார். அடுப்பு ஏறுகிறது, சர்வர் இறங்குகிறது. இதற்கு மேல் ஒரு நிர்வாகிக்கு என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் நிர்வாகி அத்தோ கெலாவ் ஒரு நாள் அதே தாழ்வாரத்தில், வரிசையில் நின்ற நோயாளிகளும் நாங்களும் பார்க்க, யெஷி அக்காவை மின்சாரத் திருடி என்று சொன்னார். அன்று பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் பொருத்திய விவரம் சர்வருக்குள் மாட்டிக்கொண்டு, நாங்கள் முதலிலிருந்து சோதித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. அவள் பிழைத்தாள். ஆனாலும் அத்தோ கெலாவுக்குக் கோபம் ஆறவில்லை. வாரக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, கையில் இருந்த காப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையை அவரிடமே நீட்டினார். அந்தக் கோப்பையை நான் இன்னும் மறக்கவில்லை.

யெஷி அக்கா அடுப்பை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அந்த வாரத்திலேயே திரிங்கோ வேலைக்குத் திரும்பினாள். வந்ததும் எல்லோரும் அவளிடம் ஒப்பித்தது அடுப்புக் கதையைத்தான். அவள் குழந்தையின் போட்டோவைக் காட்டி முடித்துவிட்டு, அடுப்பு சர்வரிடம் என்ன சொன்னதாம் என்று கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அத்தோ கெலாவுக்கு வரவில்லை.

மறுநாள் அவள் கண்ணெதிரிலேயே விழுந்தது. அடுப்பு இல்லாமலே விழுந்தது. இதைச் சொன்னதற்கு அத்தோ கெலாவ், யெஷி வேறு எங்காவது அடுப்பை ஒளித்துவைத்துப் போட்டிருப்பாள் என்றார். முடிவு கட்டிவிட்ட ஆளிடம் என்ன பேசுவது? திரிங்கோ திரையைப் படித்தாள். நினைவகத்தில் இடமில்லை, இடமில்லை என்று சில வரிகள். கடைசியில் 'பேனிக்' என்று ஒரு வார்த்தை. யூனிக்ஸ் பேச்சில் அதற்கு அர்த்தம், நான் பதறிப்போய்விட்டேன், இனி என்னால் ஆகாது என்பது. மனுஷர்களை விட அது எவ்வளவோ நேர்மை.

அந்தார்கே வழக்கம்போலச் செருகியைப் பிடுங்கிச் செருகினான். இந்த முறை அவள் தடுக்கவில்லை. அவன் என்னென்ன செய்கிறான் என்று பார்க்க விரும்பினாள். சர்வர் பாதி எழுந்து நின்றுவிட்டது. வட்டில் கடைசியாக எழுதிய நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, இதை நான் எப்படி நம்புவது என்று முரண்டு பிடித்து, கடவுச்சொல் கேட்டது. அந்தார்கேவுக்கு இது பழகிப்போன விஷயம். மறுபடி அணைத்தான், நேரம் வைக்கும் நீலத் திரைக்குப் போனான், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், வருஷம் மாதம் நாள் மணி எல்லாம் ஒழுங்காக வைத்தான். சர்வர் சமத்தாக எழுந்துகொண்டது.

திரிங்கோ வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தார்கே, இது என்ன வருஷம்?"

"ரெண்டாயிரத்தி ஒம்பது. ஏன், பிள்ள பெத்ததுல அதுவும் மறந்து போச்சா?"

"எனக்கு மறக்கல. சர்வர்கிட்ட இருந்துதான் நாம எட்டு வருஷத்தைப் பிடுங்கிட்டோம்."

சுவரில் தொங்கியது தேவாலயத்து நாட்காட்டி. எங்களுக்கு ரெண்டாயிரத்தி ஒன்பது, உலகத்துக்கு ரெண்டாயிரத்தி பதினேழு. சர்வருக்குள் கடிகாரத்துக்கென்று இருக்கும் சின்ன பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. செருகியைப் பிடுங்கினால் கடிகாரம் தான் பிறந்த வருஷத்துக்கே போய்விடும். அதனால்தான் வட்டில் இருப்பதெல்லாம் அதற்கு எதிர்காலமாகத் தெரிந்தது. அந்தார்கே ஒவ்வொரு முறையும் எங்கள் வருஷத்தையும் எங்கள் மணியையும் வைத்து அதைச் சமாதானப்படுத்தியிருக்கிறான். அறிக்கைகளில் எங்கள் தேதியே வந்துகொண்டிருந்ததால், மருத்துவர் முதல் காவலாளி வரை ஒருவருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. எனக்கும்தான். இந்த நாட்டுக்காரனைத் தவிர வேறு யாராலும் செய்யமுடியாத தப்பு, இந்த நாட்டுக்காரன் கண்ணில் படவே படாத தப்பு. நல்லவேளை, எங்கள் வருஷக் கடைசியில் வரும் குட்டி மாதம் பாகுமே இன்னும் வரவில்லை. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்றை வைக்கப் போயிருந்தால் சர்வர் அன்றே எங்களைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

வருஷம் தெரிந்ததும் அவள் மணிக்குத் தாவினாள். சர்வர் தானாகச் செய்யும் வேலைகளுக்கு ஒரு அட்டவணை உண்டு. சர்வரை நிறுவிய ஆட்கள், ஊரெல்லாம் தூங்கும் நேரமாகப் பார்த்து, விடியுமுன் நாலு மணிக்கு மொத்தத்தையும் நகலெடுக்கும்படி அதில் வைத்திருந்தார்கள். அது உலகத்து நாலு மணி. ஆனால் சர்வர் இப்போது எங்கள் மணியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நாலு மணிக்கு ஆய்வகம், கிடங்கு, ரத்த வங்கி என்று எல்லோரும் ஒரே சமயத்தில் அதைப் பிடுங்கித் தின்ன, மேலே அந்த நகலெடுப்பும் ஏறிக்கொண்டால், அந்தக் கிழட்டு யந்திரம் பதறாமல் என்ன செய்யும்? கூட்டம் குறைந்த நாளில் தாக்குப்பிடித்தது. நெரிந்த நாளில் விழுந்தது.

அந்தார்கேவின் முகம் சுருங்கிவிட்டது. அடுப்பால்தான் என்று முதலில் சொன்னவர்களில் அவனும் ஒருவன். திரிங்கோ அவனைத் திட்டவில்லை. புது பேட்டரி வாங்கிவர அனுப்பினாள், உலக நேரத்தைத் தானே வைத்தாள். பிறகு யெஷி அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பி, நாளைக்கு அடுப்போடு வரச் சொன்னாள்.

அதுதான் வாரக் கடைசி நாள். நாலு மணிக்கு முன்னாலேயே தாழ்வாரத்தில் அடுப்பு ஏறியது. திரிங்கோ அதோடு விடவில்லை. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலையும் அதே சுவரில் செருகச் சொன்னாள். யெஷி அக்கா கதவைப் பார்த்துக்கொண்டே வறுத்ததில் கொட்டை இரண்டு தரையில் சிதறின. அத்தோ கெலாவை நானே போய் அழைத்துவந்தேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம், ஒளிப்பானேன்?

முதல் சுற்று ஊற்றினார். நாலு ஆனது. ஆய்வகத்தில் கூட்டம் அலைமோதியது.  எல்லோர் கண்ணும் அந்த அறைக் கதவின் மேலேயே இருந்தது. இரண்டாவது சுற்று முடிந்தது, மூன்றாவது சுற்று வந்தது. சர்வர் அசையவில்லை. திரிங்கோ நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள், யார் பேரையும் சொல்லாமல்.

அந்தார்கே தானாக எழுந்தான். "நேரம் வச்சது நான்தான், அத்தோ கெலாவ். நாட்காட்டியைப் பாத்துத்தான் வச்சேன்."

அத்தோ கெலாவ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிலும் எங்கள் மணிதான். வேறு எதைப் பார்த்து வைப்பார்கள் என்று முணுமுணுத்தாரே தவிர, அவனைத் திட்ட வாய் வரவில்லை. யெஷி அக்கா பக்கம் திரும்பி, சரி, திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"வேல கெடக்கட்டும்," என்றார் யெஷி அக்கா.

அவர் குரலை நாங்கள் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. அத்தோ கெலாவ் நின்றார்.

"இதே எடத்துல வச்சுத்தான் திருடின்னு சொன்னீங்க. என் மக காதுக்கு அது போயிருச்சு. பள்ளிக்கூடத்துல அவளக் கேக்குறாங்க. இதே எடத்துல வச்சு இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் வாரேன்."

வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தோ கெலாவ் தொண்டையைச் செருமினார், காலணியைப் பார்த்தார். யெஷிமெபெட் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று தன் சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

திரிங்கோ சுவரில் சாய்ந்து நின்றபடி, குழந்தைக்குப் பால் கொடுக்கப் போக இன்னும் நேரம் இருக்கிறது என்பது போல நிதானமாகச் சொன்னாள்:

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம், அத்தோ கெலாவ்."

அவர் நிமிர்ந்து இன்னொரு தரம் சொன்னார். இந்தத் தடவை வரிசையின் கடைசியில் நின்றவருக்கும் கேட்டது. யெஷி அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, எத்தனையோ வருஷமாக எங்களுக்கெல்லாம் நின்றபடியே ஊற்றிக்கொண்டிருந்தவர், அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தார்.