சொல்லிவிட்டுத் திருட வந்தவர்கள்

இந்த ஜூலை பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். வானம் மூடியிருந்தது. காற்று கிடையாது. மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வராமலே இருந்தது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்கு நான் விழித்திருந்தது காரணமல்ல. எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படியில் மாட்டியிருக்கும் கேமராதான். படத்தின் மூலையில் தேதியும் மணியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில், மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் செருப்பில்லாமல் இறங்கி வருகிறாள். இரண்டு பக்கமும் பார்க்கிறாள். என் வீட்டு வாசலில் இருக்கும் கற்பூரவள்ளித் தொட்டியிலிருந்து ஒரு கொம்பை ஒடித்துத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். இதை எட்டு மணிக்கு எங்கள் சங்கச் செயலாளர் தன் போனில் எனக்குப் போட்டுக் காட்டினார்.

"ப்ரூஃப் இருக்கு சார். ஒரு கம்ப்ளைன்ட் மட்டும் எழுதிக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நான் மூன்று முறை பார்த்தேன். அவர் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டார். பதினோரு வருடமாக நான் காத்திருந்தது இந்தத் திருட்டுக்காகத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

அவர் போனதும் தொட்டியருகே குனிந்தேன். ஒடிந்த இடத்தில் பச்சை ஈரம். கையால் தொட்டு முகர்ந்தேன். ஓமமும் கற்பூரமும் கலந்த அந்த வாசனை வந்ததுமே, எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும்போல் இருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் உடம்பு அதை மறக்கவில்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் செம்பாக்கம் ஏரிக்குக் கீழே முக்கால் கிரவுண்டில் வீடு கட்டினோம். எங்கள் தெருவில் அப்போது ஒன்பது வீடுகள், ஒரு விளக்குக் கம்பம். கம்பத்தில் விளக்கு கிடையாது. நான் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். தாம்பரம் வரை சைக்கிள், அங்கிருந்து மின்சார ரயில். மகள் உமாவுக்கு ஆறு வயது, வீசிங். மழைக்காலம் வந்தால் படுக்க மாட்டாள். தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். தாம்பரம் டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஆவி பிடிக்கச் சொன்னார். "கஷாயம் குடுக்கலாமா?" என்று என் மனைவி சரோஜா கேட்டதற்கு, "குடுங்க, ஆனா மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றார். அந்த ஒரு அனுமதியை வைத்துக்கொண்டு சரோஜா கொல்லை முழுவதையும் பிடித்துக்கொண்டாள்.

வேலியோரம் ஆடாதோடை. வேலிமேல் முள்ளோடு தூதுவளை. கிணற்றடியில் கற்பூரவள்ளி. அப்புறம் நொச்சி, துளசி, சிறியாநங்கை, பிரண்டை, வல்லாரை. கீழாநெல்லி யாரும் கூப்பிடாமல் தானாக வந்தது. எனக்குப் பெயர் தெரியாத இரண்டையும் சேர்த்து மொத்தம் பதினோரு வகை. வாரம் ஒரு முறை எண்ணுவேன். கூடாது, குறையாது, இருந்தாலும் எண்ணாவிட்டால் நிம்மதி இல்லை.

எதையும் முதலில் குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் சரோஜா கண்டிப்பாக இருந்தாள். ஆகவே முதல் தம்ளர் எனக்கு. அரை மணி நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் உயிரோடு இருந்தால் உமாவுக்கு. இப்படியாக எனக்கு இல்லாத சளி, இல்லாத காமாலை, கடிக்காத பாம்பு எல்லாவற்றுக்கும் மருந்து குடித்திருக்கிறேன். ஆடாதோடையின் கசப்பு தொண்டையோடு நிற்காது. அலுவலகம் வரை கூட வரும். பக்கத்து நாற்காலிக்காரர் கொடுக்கும் மிட்டாய்கூடப் பதினோரு மணி வரை கசக்கும். உமா மட்டும் முகம் சுளிக்காமல் குடிப்பாள். "அப்பாக்குக் குடுத்ததவிட எனக்குக் கொஞ்சமாத்தானே குடுத்த?" என்று அம்மாவிடம் நியாயம் கேட்டுக்கொண்டே குடிப்பாள்.

ஒருநாள் காலை ஆடாதோடையில் நான்கு கொம்புகளைக் காணோம். ஒடித்த இடத்தில் ஈரம் கூடக் காயவில்லை. நான் வேலியருகே நின்று கத்தினேன். சரோஜா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதீங்க! டீச்சர்தான் எடுத்துட்டுப் போனாங்க. நீங்க திட்டறது காதுல விழுந்தா பிடிக்காது."

"யாருக்குப் பிடிக்காது?"

"செடிக்கு!"

அப்போதுதான் எங்கள் தெருவின் சட்டம் எனக்குத் தெரிந்தது. மருந்துக்கு இலை வேண்டுமென்றால் கதவைத் தட்டிக் கேட்கலாம். யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் நட்டு வளர்ப்பதற்குக் கொம்பு வேண்டுமென்றால் கேட்கவே கூடாது. கேட்டு வாங்கி நட்டது வேர் பிடிக்காது, திருடி நட்டதுதான் பிடிக்கும். திருடுகிறவரை வீட்டுக்காரர் பார்க்கக் கூடாது. வீட்டுக்காரரோடு திருடுகிறவர் பேசக் கூடாது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடிய பிள்ளையை முட்டி போட வைக்கிறவர், இந்தச் சட்டத்தில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் இருந்தார்.

இதோடு எங்கள் தெருக்காரர்கள் தாங்களாகவே ஒரு மரியாதையைச் சேர்த்திருந்தார்கள். திருட வருவதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

"சார், நாளைக்குக் காலைல தூதுவளைக்கு வரேன். நீங்க கொஞ்சம் உள்ளயே இருந்துடுங்க" என்பார் டீச்சர்.

உள்ளேயே இருப்பதில்தான் சிக்கல். எங்கள் கழிப்பறை கொல்லையின் கடைசியில், ஆடாதோடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. திருடுகிறவர் போகும்வரை நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் காலை மாற்றி மாற்றி நிற்க வேண்டும். கதவிடுக்கு வழியாகக் கற்பூரவள்ளி ஒடிக்கும் வாசனை வரும். சரோஜா ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, காதை மட்டும் வெளியே வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட் சாத்தும் சத்தம் வந்ததும், "ம், ஓடுங்க" என்பாள். அந்த ஓட்டத்தால் ரயிலைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. தாமதத்துக்கு என்ன காரணம் எழுதுவது? திருடர்கள் போகத் தாமதமானது என்றா?

ஒருமுறை தெருவில் நிஜமாகவே ஒரு சைக்கிள் காணாமல் போனது. நான் பயந்துபோய்க் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். மறுநாள் விடிந்ததும் கோதண்டம் வாசலில் நின்று கூச்சல் போட்டார். கோதண்டம் அந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். எங்கள் ஒன்பது மனைகளும் அவருடைய வயலாக இருந்தவைதான். வயலை விற்றபின் ஏழு மாடுகளை வைத்துக்கொண்டு எங்களுக்கே பால் ஊற்றினார்.

"இன்னா சார் இது? நல்ல மனுசன்னு நம்பித் திருட வந்தா கேட்டுக்குப் பூட்டுப் போட்டு வச்சிகீற? நாலரைலேந்து நின்னுகினு கீறேன். கொசு புடுங்கிடுச்சி!"

"நேத்தே சொல்லியிருக்கலாமே கோதண்டம்."

"உன் வூட்டம்மாகிட்ட சொன்னனே! இப்ப நீ என்னைப் பாத்துட்ட. இன்னிக்கு எட்த்தா வெளங்காது. போ, எல்லாம் வேஸ்ட்டு."

நான் மன்னிப்புக் கேட்டேன். என் வீட்டில் திருட முடியாமல் போனதற்கு நானே மன்னிப்புக் கேட்டேன் என்பதை நினைத்து அன்று ரயிலில் கிண்டி வரை எனக்கே கோபமாக இருந்தது. மாலையில் பூட்டைக் கழற்றிவிட்டேன்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் ஒரு வாரம் நின்றது. வடிந்தபோது பதினோரு வகையும் அழுகிக் கறுத்திருந்தன. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுவதும். வீடு கட்டும்போதே லாரி லாரியாக மண் கொட்டி மனையை மூன்றடி உயர்த்திய ஸ்டெல்லா டீச்சர் கொல்லையில் மட்டும் எல்லாம் பச்சையாக நின்றது. அந்த மண்ணைப் பார்த்து, "டீச்சர் கோட்டை கட்றாங்க" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

உமாவுக்கு இழுப்பு ஆரம்பித்தது. மாத்திரை இருந்தது, கஷாயத்துக்கு இலையை டீச்சரே கொடுத்தனுப்பினார். ஆனால் குழந்தை மனதில் வேறு கணக்கு ஓடியிருக்கிறது. தலையணையில் சாய்ந்துகொண்டு, அழுகிய வேலியையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"நம்ம செடி செத்துப்போச்சே. இனிமே எனக்கு மூச்சு வராதாப்பா?"

டாக்டரின் மாத்திரையைப் பற்றி நான் எவ்வளவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. நம் கொல்லையில், நம் செடி நிற்க வேண்டும். அவ்வளவுதான். சரோஜா குழந்தையைவிட்டு நகர முடியாது. ஆகவே வாழ்க்கையில் முதல் முறையாக நான் திருடப் போனேன்.

அலுவலகச் சட்டை பேண்ட்டோடு, குடையோடு, யாராவது பிடித்தால் நான் யார் என்று காட்டுவதற்குச் சட்டைப் பையில் ரேஷன் கார்டோடு போனேன். விடிந்தும் விடியாத தூறல். டீச்சர் வீட்டுப் பின்வேலியில் ஏற்கெனவே நான்கு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முன்னால் பால் கேனோடு கோதண்டம். அவர் திரும்பாமலே பேசினார்.

"நான் உன்னப் பாக்கல சார். நீயும் என்னப் பாக்காத. லைன்ல நில்லு."

எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார். ஆக ஆறு பேர். ஒருவர்பின் ஒருவராகப் போய் ஆடாதோடையில் ஒரு கொம்பு ஒடித்துக்கொண்டோம். வேலிக்கு வெளியே வந்தபோது டீச்சரின் குரல் உள்ளிருந்து வந்தது.

"முடிஞ்சுதா? எனக்கு ஸ்கூலுக்கு லேட்டாகுது! குளிக்கப் போகணும்!"

எல்லோரும் சிலையாக நின்றார்கள். பதில் சொல்லக் கூடாது. மறுபடியும், "யாராவது சொல்லுங்களேன்!" என்றார். ஒரு பெண்மணி கேட்கிறார், யாரும் பதில் சொல்லாமல் நின்றால் எப்படி? எனக்கு மனசு கேட்கவில்லை.

"முடிஞ்சுது டீச்சர், நீங்க போங்க" என்றேன்.

ஐந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா சார்?" என்றார் கோதண்டம். "படிச்சவன்தானே நீ? ஆறு கொம்பும் பூட்ச்சி. சரியான பேஜார் சார் உன்னோட!"

பரிகாரத்தையும் அவரே கண்டுபிடித்தார். திருடியது கெட்டுப்போனால் அதையே மறுபடியும் திருட வேண்டியதுதான். எல்லோரும் கொம்புகளைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தோம். நான் எண்ணினேன், ஆறு. எல்லோரும் திரும்பி நின்றோம். ஒவ்வொருவராகப் பின்பக்கமாகக் கையை நீட்டி, ஒன்றை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. குற்றவாளி என்பதால் நான் கடைசி. என் முறை வந்து கையை நீட்டினால் வெறும் ஈரச் சுவர். யாரோ இரண்டு எடுத்துவிட்டார். யார் என்று இன்றுவரை தெரியாது. பார்க்கக் கூடாது என்பதுதானே விதி.

மழையில் குடையை விரிக்கக்கூட மறந்து நின்றேன். வீட்டு ஜன்னலில் உமா உட்கார்ந்திருப்பாள். கோதண்டம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பியவர் என் வெறுங்கையைப் பார்த்தார். சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். தன் கொம்பைப் பால் கேன் கைப்பிடியில் செருகினார். பிறகு வானத்தைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"நான் போயி ஒரு பீடி வாங்கிகினு வரேன். சைக்கிள் இங்கியே நிக்கட்டும். எவனாவது எதனா எட்த்துகினு பூடப் போறான். ஜாக்கிரதை!"

அந்த மழையில் எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. அவர் தெருமுனை வரை போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் திருடினேன்.

கார்த்திகை முடிவதற்குள் அது துளிர்த்தது. உமா தினமும் இலை எண்ணினாள், என் மகள்தானே. மற்ற பத்தையும் சரோஜா ஒவ்வொன்றாகத் திருடிச் சேர்த்தாள். அடுத்த வருடம் கோதண்டம் அந்த ஆடாதோடையிலிருந்தே கொம்பு எடுத்துப்போனார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் காலை மாற்றி மாற்றி நின்றேன். உமாவுக்குப் பன்னிரண்டு வயதில் இழுப்பு நின்றது. வளர வளர நின்றுவிடும் என்றார் டாக்டர். ஆடாதோடை என்றாள் சரோஜா. இருவரிடமும் நான் ஆமாம் என்றேன்.

அந்த ஒன்பது வீடுகளில் இன்று ஒன்றுகூட இல்லை. டீச்சரின் உயர்ந்த மனைமேல் கார் நிறுத்துமிடம். மாடு கட்டிய இடத்தில் உடற்பயிற்சிக் கூடம். கோதண்டம் போய்ச் சேர்ந்தார்; டீச்சர் மகனோடு போனார்; சரோஜா போய் நான்கு வருடம். எங்கள் வீடும் அடுக்ககமாகி, அதில் எனக்கு ஒரு பங்கு. சரோஜாவின் பதினொன்றில் மிச்சம் இந்தக் கற்பூரவள்ளி மட்டும்தான். பால்கனியில் வெயில் நன்றாகத்தான் விழுகிறது. இருந்தும் தொட்டியைப் படியோரம், வாசலுக்கு வெளியே வைத்தேன். வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். பதினோரு வருடம் யாரும் தொடவில்லை. "எடுத்துக்கலாமா அங்கிள்?" என்று கேட்டவர்கள் ஏழு பேர். கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். ஏழும் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் எதுவும் எழுதிக் கொடுக்காதபோதும், ஞாயிறு சங்கக் கூட்டத்தில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு அழுதுகொண்டு நின்றாள். குழந்தை இருமியது. "அனகாபுத்தூர்லேந்து எங்கம்மா போன்ல சொன்னாங்க அங்கிள், கேட்டு எடுத்தா பிடிக்காதுன்னு..." என்றாள்.

நான் அவள் பக்கம் பார்க்காமல் செயலாளரிடம் சொன்னேன். "யாரும் எடுத்து நான் பார்க்கல."

"மூணு தடவ பாத்தீங்களே சார், என் போன்ல!"

"கண்ணாடி போடல."

செயலாளர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, திருட்டே நடக்கவில்லை என்றால் விதிப்புத்தகத்தில் மிச்சமிருப்பது ஒரே குற்றம்தான் என்றார்: பொது வழியில் தொட்டி வைத்தது. அதற்கு அபராதம் உண்டு. தொட்டியை எடுத்துவிடுகிறீர்களா என்றார். மாட்டேன் என்றேன்.

மூன்றாம் மாடியில் இப்போது இரண்டு புது இலை விட்டிருக்கிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. எனக்கு இதில் மொத்தச் செலவு, ரசீதோடு, ஐந்நூறு ரூபாய்.