பின் அச்சுக்கு இரண்டு டயர்

என் அக்கா புருஷனுக்கு அக்காவைத் தவிர வேறு எதன்மேலும் பயம் கிடையாது. யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "அளந்து காட்டு, நம்புறேன்" என்பார். பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில், டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெட்டுப் பள்ளத்தில் விட்டு ஆழம் பார்க்கும் அளவுக்குச்சிதான் இருக்கும். மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் அவருடைய டயர் கடை. கழற்றி மாட்டுவது மாமா. காற்றடிப்பதும் வாயடிப்பதும் நான்.

வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பின்னாடி'. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதை முன்னால்தான் போடச் சொல்வார்கள். ஸ்டீயரிங் திருப்புகிற சக்கரம் அதுதானே என்ற நினைப்பு. மாமா மசிய மாட்டார். "முன்னாடி வழுக்குனா உங்களுக்குத் தெரியும், சமாளிக்கலாம். பின்னாடி வழுக்குனா தெரியறதுக்குள்ள வண்டி திரும்பி நிக்கும். புதுசு பின்னாடிதான்." கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. அதற்கும் அக்காவிடம் திட்டு வாங்கியது நான்தான்.

மழைக்காலம் தொடங்கப் போகிற ஒரு பிற்பகலில் நர்ஸம்மா வந்தார். மேலே இருக்கிற ஊர்களுக்கு மருந்து எடுத்துக்கொண்டு தினமும் போகிறவர். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அது, அவருடைய கணவர் ஓட்டியது. அந்த மனிதர் முன் டயர் இரண்டையும் மாற்றிவிட்டு, பின்னால் இருப்பதை அடுத்து மாற்றலாம் என்று சொல்லியிருந்தார். அதற்குள் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது பின் டயர்கள் சுத்த மொட்டை. அந்த அளவில் எங்கள் கடையில் இரண்டே டயர்தான் இருந்தன. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. மாமா ஜாக்கியைப் பின்னால் தள்ளினார்.

"அங்க வேணாம்ணே. முன்னாடி போடுங்க."

"முன்னாடி புதுசாத்தானேம்மா இருக்கு?"

"இருக்கட்டும். பின்னாடி தொடாதீங்க."

"உங்க பட்டப்பேரைக் கேட்டுட்டே வந்திருக்காங்க மாமா" என்று நான் சிரித்தேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் ஏறுங்க, காட்டுறேன்" என்றார்.

கொஞ்ச தூரத்திலேயே முதல் கொண்டை ஊசி வளைவு. வண்டியை நாலு சக்கர இழுப்பிலேயே வைத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. மூச்சை இழுத்து, நீண்டு, கடைசியில் தளர்ந்து அடங்கியது. மூட்டுவலிக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது வருமே, அச்சு அசலாக அது. எனக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது.

"மெதுவா" என்றார் நர்ஸம்மா. எங்களிடம் இல்லை. "மெதுவா எழுந்திருங்க."

பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தினார். "சாப்பிட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் எங்க வீட்டுக்காரர் இப்படித்தான். அவர் போனதுக்கப்புறம் வீடு வெறிச்சோடிக் கிடக்கு. இங்க மட்டும்தான் கேக்குது. பின்னாடி மாத்தினா நின்னுடுமாண்ணே?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு வரும், ஆனால் என்னை யார் கேட்டார்கள். "நின்னுடும்மா" என்றார் அவர். "முன்னாடி டயர் பெருசு, பின்னாடி தேஞ்சு சிறுத்துப் போச்சு. ரெண்டும் ஒண்ணா சுத்தணும்னா நடுவுல இருக்கற கியர்ப் பெட்டி கிடந்து திணறுது. அந்தச் சத்தம்தான் இது. அப்படியே விட்டா பெட்டி போயிடும். அதுக்கு முன்னாடி, மழையில நீங்க போயிடுவீங்க."

நர்ஸம்மா மேலே போகிற சாலையைக் கையால் காட்டினார். "மேல ஒரு பொண்ணுக்கு மாசம் ஆயிருக்கு. இந்த மழையிலதான் பொறக்கும்" என்றார். கடைக்குத் திரும்பியதும் சாவியை மாமாவின் கையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு டயர் மாட்ட மாமா அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. மாட்டி முடித்து நாலையும் அளந்தார். ஒரே மட்டம்.

ஓட்டிப் பார்க்கப் போனோம். நர்ஸம்மா ஓட்ட, மாமா பக்கத்தில், நான் பின் சீட்டில். அதே வளைவு. வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பியது. சத்தமே இல்லை. பின்னால் எடுத்து இன்னொரு தடவை ஒடித்தார். இல்லை. வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரியான வேலையைத்தான் செய்திருந்தார், ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அப்போது அந்த முனகல் கேட்டது. கீழேயிருந்து அல்ல, என் பக்கத்திலிருந்து, என் காது உயரத்தில். மூச்சை இழுத்து, நீண்டு, தளர்ந்து. சீட்டின் அந்தப் பக்கம் மெல்ல மேலெழும்பிச் சமமானது. அதுவரை நான் அந்தப் பக்கமாகச் சரிந்தே உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டேன்.

நர்ஸம்மா தலையைத் தூக்கினார். "கேட்டுச்சாண்ணே? போகல. இங்கதான் இருக்கார்." ஈர முகத்தோடு சிரித்தார். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அப்படியொரு பிரியத்தோடு அந்த மனிதர் என்னை அதற்குமுன் பார்த்ததில்லை.

எங்களைக் கடையில் இறக்கிவிட்டு வண்டி மலை ஏறியது. மாமா என் தோளில் கை போட்டார்.

"நல்ல காரியம் பண்ணினடா. சத்தம் போட்டது நீதான்னு என்னிக்கும் அவங்ககிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் மாமா" என்றேன். என் பக்கத்தில் இருந்த நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் அப்போதே எழுந்து போய்விட்டார் என்பதையும் இன்றுவரை நான் இருவரிடமும் சொல்லவில்லை.