பிஸ்கட் டப்பா வைத்தியம்

போன வாரம் என் மனைவி லலிதாவின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது சிறுநீரில் கிருமி பார்க்கும் சோதனையின் முடிவு, வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆர்'... 'ஆர்'... 'ஆர்'. கடைசியில் மட்டும் ஒரே ஒரு 'எஸ்'.

'ஆர்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. 'எஸ்' என்றால் அடங்கும். நான்கு நாளாகக் காய்ச்சலில் நடுங்குகிறவளுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஊசி மருந்து. அதுவும் கேட்காவிட்டால்?

என் சுபாவமே சந்தேகப்படுவதுதான்! முதல் சந்தேகம் லேப் மேல். சாம்பிள் மாறியிருக்குமோ? நேரே போய் பெயர், வயது, பாட்டில் நம்பர் எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

அடுத்து, தோப்பும்படியில் வாங்கிய மீன். அப்புறம் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரித் தெருமுனைக் கோழிக்கடை. குழாய்த் தண்ணீரையும் விடவில்லை.

வார்டில் ஊசி போட வைத்துவிட்டு, டாக்டரம்மா என் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலையாளம் கலந்த தமிழில் ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கட்டே சாரே? இவங்க இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தாங்களா?"

"இல்லவே இல்லை" என்றேன். சத்தமாகவே.

கட்டிலில் இருந்து லலிதாவின் குரல் ஈனஸ்வரத்தில் வந்தது. "ஏங்க... அந்த டப்பாவைப் பத்திச் சொல்லுங்களேன்."

சொன்னேன். வேறு வழி?

இங்கே மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மாட்டார்கள். நான் விடுவேனா? டாக்டர் எனக்கு ஐந்து நாளைக்கு எழுதினால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவேன். உடம்புதான் தேறிவிட்டதே! மிச்சம் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். லலிதாவுக்குத் தொண்டை கரகரத்தால் அதில் இரண்டு. வயிறு சரியில்லையா, இன்னும் இரண்டு. "வேண்டாங்க" என்பாள். "சும்மா போடு" என்பேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "இந்த மாதிரிக் கிருமி பெரும்பாலும் நம்ம குடல்லயே இருக்கறதுதான் சாரே. மருந்து உள்ளே போகும்போதெல்லாம் அடங்கறது சாகும், அடங்காதது பெருகும். ஒண்ணும் செய்யாம உள்ளேயே இருக்கும். சிறுநீர்ப் பாதைக்கு இடம் மாறினாத்தான் பிரச்சினை."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். என் கையை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. லலிதாவின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

நல்லவேளை, அந்த ஒற்றை 'எஸ்' கைவிடவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஊசி முழுவதும் போட்டு முடித்தபின்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

கிளம்பும்போது நர்ஸ் ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். வாங்கக் கை நீட்டினேன். டாக்டரம்மா குறுக்கே வந்தார்.

"சாரோட கையில கொடுக்க வேண்டா. லலிதா சேச்சியே வச்சுக்கட்டும்."

இத்தனைக்கும் அது வெறும் வைட்டமின் மாத்திரை!