உள்ளங்கைப் பனங்கட்டி

நீரிழிவுக்கான புதிய மருந்தொன்றை ஆராயும் குழுவில் நான் மருத்துவர். அதை எடுப்பவர்களில், நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் சிவம் அண்ணைக்கு மட்டும் இரத்தத்தில் சீனி இறங்கவே இல்லை. கேட்டால், "தேத்தண்ணிக்குச் சீனி போடுறதையே விட்டிட்டன் பிள்ளை" என்பார். பொய் சொல்கிறார் என்று எனக்குக் கோபம். மருந்தை நிறுத்தி இன்சுலின் ஊசி தொடங்குவோம் என்று சொல்ல அவர் வீட்டுக்கே போனேன்.

அவர் மனைவி சீனியில்லாத தேத்தண்ணி தந்து, என் உள்ளங்கையில் பதநீர் காய்ச்சிச் செய்த பனங்கட்டித் துண்டொன்றை வைத்தார். வழக்கம்போலக் கடித்துக் கடித்துக் குடித்தேன். பாதி கரைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணை, நீங்களும் இப்பிடித்தான் குடிக்கிறனீங்களோ?"

"ஓம். பனங்கட்டி என்ன செய்யப்போகுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அதை இனிப்பென்று நினைத்ததில்லையே!

அவருக்கு ஊசி தேவைப்படவில்லை. இப்போதும் போனால் தேத்தண்ணி வரும். இருவரும் வெறுங்கையோடு குடிக்கிறோம்.