அத்தானின் லாஞ்சுக்கு நான் வைத்த இஞ்சின்

எங்கள் தீவில் பெரிய புயல் அடித்த வருஷம், கடல் அந்த லாஞ்சைத் தூக்கிக்கொண்டுவந்து அக்கா வீட்டுக்குப் பின்னால் சவுக்கு மரங்களுக்கு நடுவே போட்டுவிட்டுப் போயிருந்தது. யுத்தகாலத்தில் ஆங்கிலேயக் கடற்படை வைத்திருந்த மோட்டார் லாஞ்ச் அது. இருபத்தெட்டு அடி நீளம். யுத்தத்துக்குப் பிறகு சுய்யாக் ஊரில் ஒரு கடைக்காரர் அதை வாங்கி மீன்பிடிக்கப் போய்வந்தார். புயல் ஓய்ந்தபின் வந்து பார்த்தவர், எனக்கு இனி இது வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி அத்தானிடம் கொடுத்துவிட்டார். தாளில் அத்தான் பெயர் மட்டும்தான் இருந்தது. கடற்கரையில் குடியிருந்தவர் அவர்தானே என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தான் படகுத் தச்சர். எங்களைப் போலத் தமிழ் வம்சம்தான், ஆனால் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அக்கா அவரைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் ஒரு வருஷம் யாரும் அவளோடு பேசவில்லை, என்னைத் தவிர. நாங்கள் பேசியது தீவின் கிரியோல் மொழி. அக்கா, அத்தான், தம்பி என்ற முறைச்சொற்கள் மட்டும் தமிழாக நின்றன.

நான் செமின் கிரனியே என்ற எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்த சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். மரவேலை அத்தானுக்கு, இஞ்சின் எனக்கு, லாஞ்ச் இரண்டு குடும்பத்துக்கும் என்று பேசிக்கொண்டோம். கரையைச் சுற்றியிருக்கிற பவளப்பாறை ரீஃபுக்கு வெளியே போய் மீன்பிடிக்கலாம். எனக்கு ஆலைச் சங்கில்லாத ஒரு வாழ்க்கை கிடைக்கும். அந்த ஆசையை நான் என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அத்தானிடம் சொன்னேன்.

இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். பழைய பெட்ரோல் இஞ்சின் உப்பில் இறுகிப் பாறையாகிவிட்டிருந்தது. மூன்று சவுக்குக் கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியை மாட்டி அதை வெளியே தூக்கினோம். அதன் அடியில் இருந்த கட்டைகள் கையால் பிடித்தாலே ரொட்டி மாதிரி உதிர்ந்தன. அத்தான் அடிப்பலகைகளில் பதினொன்றை மாற்றினார். இடுக்குகளில் பஞ்சுத்திரியை வைத்து உளியால் அடித்து, மேலே புட்டி பூசினார். அவர் அடிக்கிற ஓசை சீராக இருக்கும். எனக்கு அவர் கைமேல் அவ்வளவு மதிப்பு.

மதியம் அக்கா சோறும் ஆக்டோபஸ் கறியும் கொண்டுவருவாள். நிழலில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசி ஆறு மாதம் மட்டும் தட்டை வைத்துவிட்டு உடனே திரும்பிப் போனாள். முட்டிவலி என்றாள். நம்பினேன்.

புது இஞ்சினுக்கு மீனவர் கடன் கிடைத்துவிட்டது என்று அத்தான் ஒரு நாள் சொன்னார். இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கியது. இரண்டு சிலிண்டர் டீசல். பச்சை பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. பெட்டியைத் திறந்தபோது நாங்கள் இருவரும் சற்று நேரம் அதைத் தொடவேயில்லை.

இஞ்சினிலிருந்து பின்விசிறிக்குப் போகிற ஷாஃப்டை ஆலை லேத்தில் கடைந்து கொள்ளலாமா என்று பட்டறைத் தலைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சொந்த வேலைக்கு ஒரு ஆணி எடுத்தாலும் கத்துகிற மனிதர் அவர். "செய்துகொள்" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார். நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

இஞ்சினைப் புதுக் கட்டைகள்மேல் உட்காரவைத்து, ஷாஃப்டோடு அது சேருகிற கப்ளிங்கின் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று நேராக வரும்வரை மெல்லிய எஃகுத் தகடுகளைச் செருகி அளந்து அளந்து சரிசெய்தேன். அதற்கு மட்டும் மூன்று ஞாயிறு ஆனது. பிறகு குளிர்விக்கும் குழாயை ஒரு தண்ணீர்ப் பீப்பாயில் விட்டு, கரையிலேயே கிளப்பினோம். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அத்தான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"எப்போது தண்ணீரில் இறக்குகிறோம் அத்தான்?"

"அடுத்த ஞாயிறு வேண்டாம் தம்பி. அதற்கடுத்த ஞாயிறு. அன்றைக்கு நீர் நன்றாக ஏறும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா."

அந்த ஞாயிறு என் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு கூடையில் தேங்காய், கற்பூரம், சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றோடும் பஸ்ஸில் போய் இறங்கினேன். சவுக்கு மரங்களுக்கு நடுவே லாஞ்ச் நின்ற இடத்தில் முட்டுக்கட்டைகள் மட்டும் கிடந்தன. கடலுக்குள் பார்த்தேன். லாஞ்ச் மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் நீலம் அடிப்பதாக இருந்தோம். அது வெள்ளையாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு பிரெஞ்சுப் பெண்பெயர் எழுதியிருந்தது. ஆலை மானேஜரும் அவருடைய விருந்தாளிகளும் ஒரு சிறு படகிலிருந்து அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சுக்கான் பிடித்து நின்றவர் அத்தான், தலையில் வெள்ளைத் தொப்பி. அவர் கரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு இஞ்சினைக் கிளப்பினார். அதுவும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

சின்னவள் போகிற படகைக் காட்டி என்னைக் கேட்டாள்: "பப்பா, நம்ம பாத்தோ ஏன் நம்மை விட்டுட்டுப் போகுது?"

மனைவியைப் பிள்ளைகளோடு மணலில் இருக்கச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் நின்றாள். நான் வருவேன் என்று தெரிந்தே நின்றாள்.

"போன வியாழக்கிழமை இறக்கியாச்சு" என்றாள். "மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்தார்."

"லாஞ்ச் யாருடையது அக்கா?"

"மிஸ்யேவுடையது, உன் ஆலை மானேஜருடையது. இஞ்சின் அவர் வாங்கியது. கடன் கிடன் ஒன்றுமில்லை."

"எத்தனை நாளாகத் தெரியும்?"

"ஆறு மாதம்."

ஆறு மாதம். அந்தப் பச்சை இஞ்சின் வருவதற்கு முன்பே. மானேஜர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, இந்த இடம் ஆலைத் தோட்டத்து நிலம், இங்கே எனக்கொரு கடற்கரை வீடு கட்டப்போகிறேன், லாஞ்சைக் கொடுத்தால் நீ படகோட்டியாக இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் காலி செய் என்று அத்தானிடம் சொல்லியிருந்தார்.

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் நீ இஞ்சின் வைத்திருக்க மாட்டாய்."

இதை அவள் குரலை உயர்த்தாமல், உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள். நான் அப்பாவை இழுத்தேன். வேலைநிறுத்தத்தில் நின்றதற்காக இதே ஆட்கள்தான் அப்பாவைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து துரத்தினார்கள், மறந்துவிட்டாயா என்றேன்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "நீ அப்போது இடுப்பில் இருந்தாய். உன்னையும் தூக்கிக்கொண்டு, தலையில் பானையையும் வைத்துக்கொண்டு மழையில் நடந்தவள் நான். இன்னொரு தடவை நடக்கமாட்டேன் தம்பி. கி பூ ஃபேர்? என்ன செய்யச் சொல்கிறாய்?"

பொங்கலைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

மர லாஞ்ச் தண்ணீரில் ஊறினால் பலகைகள் உப்பும், உடம்பே கொஞ்சம் வளையும். கரையில் நேராக வைத்த கப்ளிங்கைச் சில நாள் கழித்துத் திரும்ப அளந்து சரிசெய்ய வேண்டும். இதை நான் அத்தானிடம் சொன்னதில்லை. கூடவே இருக்கப்போகிறேன், சொல்ல என்ன அவசியம் என்று இருந்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்து அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது.

"ஷாஃப்ட் அடிக்கிறது. அது வெளியே போகிற இடத்தில் தண்ணீர் உள்ளே வருகிறது. ஞாயிறு வந்து பார்ப்பாயா?"

ரீஃபுக்கு வெளியே அந்த ஷாஃப்ட் உடைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உடையட்டும் என்று நினைத்ததும் உண்மை. அதை நினைத்த என்மேலேயே அருவருப்பு வந்தது.

"ஞாயிறு வரமாட்டேன்" என்றேன். "ஆலை அனுப்பட்டும். வேலைநாளில் வருகிறேன்."

செவ்வாய்க்கிழமை அனுப்பினார்கள். கப்ளிங்கைப் பிரித்து, இஞ்சினின் பின்பக்கத்தை இம்மியளவு உயர்த்தி, திரும்ப அளந்தேன். அத்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஸ்பானரை மட்டும் கேட்டேன்.

முடிக்கிற நேரத்தில் மானேஜர் வந்தார். இஞ்சின் ஓடுவதைக் கேட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்து, "இது யார்?" என்று என்னைக் காட்டி அத்தானிடம் கேட்டார்.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. "ஆலை மெக்கானிக், மிஸ்யே" என்றார்.

லாஞ்ச் போனதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். இரண்டு வருஷம் என்னோடு ஒரே நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டு, என் பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சிய மனிதர், பெண்டாட்டியின் தம்பி என்று சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? மானேஜர் சிகரெட் நீட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கருவிகளைத் துடைத்தேன்.

தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம் மானேஜர் குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. லாஞ்சை வடக்கே யாரோ வாங்கி ஓட்டிக்கொண்டு போனார்கள். போவதற்குமுன் மானேஜர் அக்கா வீட்டு நிலத்தை அத்தான் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா கணக்குப் போட்டது தப்பவில்லை.

கொடி ஏற்றிய வாரத்தில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு மாவுப் பலகாரம் செய்து கொண்டுவந்திருந்தாள். என் மனைவியோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தவள், கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை என்னைக் கூடவரச் சொன்னாள்.

"இன்னும் மனசில் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், "அது போதும்" என்று என் கையில் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.