ஐயா பார்க்க வந்த பள்ளிக்கூடம்

பத்து வயது ஆகாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது, அவர்களுக்குத் தோட்டத்திலேயே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துரைமாருக்குச் சட்டம் வந்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். தெல்தோட்டைப் பக்கத்து மலையொன்றில் அரைச் சம்பளத்துக்குக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். எங்களை வேலை வாங்கும் கங்காணி என்னை நிறுத்திவிட்டார். தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்துக் காம்பரா ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பள்ளிக்கூடம் என்றார்கள். யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் வந்தார். யாரிடமும் வாய் திறக்காத எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. சிலேட்டோடு இருந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை.

அது நீடிக்கவில்லை. என் சம்பளம் நின்றதில் வீட்டில் அரிசி போதவில்லை. அம்மா என்னை மலைக்குக் கூட்டிப்போய், நான் கிள்ளியதைத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். கங்காணி கண்டும் காணாதவர் போல இருந்தார். கூடைகள் கனத்து வருவதைப் பார்த்துவிட்டு ஒருநாள், முழுச் சம்பளத்துக்குக் கொண்டுவர வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டிவிட்டார்.

“புள்ளைங்களும் சேந்து கிள்ளுனதுங்க அது” என்றாள் அம்மா.

“புள்ளைங்களா? நம்ம தோட்டத்துல புள்ளைங்க வேலை செய்யுதா? சட்டம் தெரியாதா ஒனக்கு?” என்றார் கங்காணி. பக்கத்தில் நின்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள்.

அதன்பின் நான் போகாவிட்டால் அம்மாவுக்கு முழுச் சம்பளம் இல்லை. முன்பு பாதிக் கூலிக்குச் செய்ததை இப்போது சும்மா செய்தேன்.

கண்டியிலிருந்து பள்ளிக்கூடப் பரிசோதனைக்கு ஒரு ஐயா வருகிறார் என்று ஒருநாள் எங்களை மலையிலிருந்து இறக்கினார்கள். கொழுந்துக் கறை போக விரல்களில் எலுமிச்சங்காய் தேய்த்து, பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். நன்றாக எழுதிக் காட்டினால், இவள் இங்கேதான் படிக்க வேண்டும் என்று அந்த ஐயா சொல்லிவிட்டுப் போவார் என்று நான் நம்பினேன்.

வந்தவரும் வாத்தியாரின் ஊர்ப்பக்கம்தான். “எழுது பாப்பம், பிள்ளை” என்றார். மலை, மழை, கிளி என்று எழுதினேன். ஒரு எழுத்தும் கோணவில்லை.

“வடிவா எழுதுறாள். ஒவ்வொரு நாளும் வாறவளோ?” என்று அவர் வாத்தியாரைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

வாத்தியார் வாசலில் நின்ற கங்காணியைப் பார்த்தார். “ஓம் ஐயா. ஒரு நாளும் வராமல் நிண்டதில்லை.”

அவருக்குத் திருப்தி. வேறு பிள்ளைகளை எழுதச் சொல்லவில்லை. துரை பங்களாவில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் காரில் மலை இறங்கிப் போனார்.

கார்ச் சத்தம் ஓய்ந்ததும் கங்காணி என் தலையைத் தடவினார். “தோட்டத்து மானத்தக் காப்பாத்திட்ட புள்ள. அடுத்த தடவையும் ஒன்னையத்தான் முன்னுக்கு ஒக்கார வைக்கணும். இப்ப ஓடு, ஒங்காத்தா தனியா நிக்கிறா.”

மலைக்கு ஏறினேன். அம்மா கை நிறுத்தாமல் கேட்டாள்:

“என்னா சொன்னாரு அந்த ஐயா?”

“நல்லா எழுதுறேன்னு சொன்னாரும்மா.”

நான் கிள்ளியதைப் போட என் கைக்கு எட்டும்படி, அம்மா முதுகுக் கூடையோடு குனிந்து நின்றாள்.