ஆயுத பூஜைப் பலூன்கள்

பத்தாவதோடு படிப்பை விட்டவன் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு வருடா வருடம் நூறு காஸ் பலூன்களைப் பறக்கவிடுவோம். சிலிண்டரிலிருந்து காஸ் பிடிப்பது என் வேலை. இந்த முறை, துப்புரவு வேலை செய்யும் தேசம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டினார்.

“இது இன்னா காஸுண்ணா?”

“ஹீலியம்.”

“அது கெடைக்கலன்னுதான் என் தல ஸ்கேனை ரெண்டு தபா தள்ளிட்டாங்க. மிஷினுக்கு அதான் வேணுமாமே.”

என் கை நின்றுவிட்டது.

“நீ இன்னா பண்ணுவ, குடுண்ணா, கட்டறேன்” என்று சிரித்தார்.

இத்தனை வருடங்களாக நான் வானத்தில் விட்டது இனி யாருக்கும் திரும்பக் கிடைக்காது. சிலிண்டரை மூடினேன். மீதிப் பலூன்களை வாயால் ஊதினேன்.

“இது பறக்காதேண்ணா.”

“பறக்க வேணாம்மா.”

மறுநாள் அவரோடு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். காஸ் இன்னும் வரவில்லை என்றார்கள்.